பக்வீட் யார் வீட்டுப் பிள்ளை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடஇந்தியர் கடையில் குட்டு மாவு, ஜப்பானிய உணவகத்தில் சோபா நூடுல்ஸ், ரஷ்யர் வீட்டில் கிரேச்கா. மூன்றும் ஒரே செடியின் விதையிலிருந்து வருபவை. ஊரறிந்த தமிழ்ப் பெயர் இதற்குக் கிடையாது, அதனால் இங்கே பக்வீட் என்றே சொல்கிறேன். சமைக்கும் முறைக்கு ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. இந்தப் பக்கம் செடியைப் பற்றியது.

பக்வீட் ஒரு வகைக் கோதுமைதானே?

இல்லை. கிட்டத்துச் சொந்தம்கூடக் கிடையாது. கோதுமை, நெல், கம்பு, கேழ்வரகு எல்லாம் புல் குடும்பம், ஒருவித்திலைத் தாவரங்கள். பக்வீட் இருவித்திலைத் தாவரம். இந்த இரண்டு கிளைகளும் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த வகையில் பார்த்தால் கோதுமைக்கு வாழைமரம் நெருங்கிய உறவு, பக்வீட்டுக்கு முருங்கை நெருங்கிய உறவு.

நம்பாதவர்கள் விதையை முளைக்க வைத்துப் பார்க்கலாம். கோதுமை ஊசிபோல ஒற்றை இலையை நீட்டும். பக்வீட் அகலமான இரண்டு வித்திலைகளை விரிக்கும். அந்த வித்திலைகள் விதைக்குள் மாவுச்சத்துக்கு நடுவே மடிந்து சுருண்டு கிடக்கின்றன. தானியத்தைக் குறுக்கே வெட்டினால் ஆங்கில எஸ் எழுத்து போன்ற வளைவு தெரியும்.

குளூட்டன் இல்லை என்று பொட்டலத்தில் போடுவதற்கும் இதுதான் காரணம். குளூட்டன் என்பது கோதுமையும் அதன் நெருங்கிய புல் உறவுகளும் உண்டாக்கும் புரதம். வேறு குடும்பத்துச் செடியில் அது இருக்க வழியில்லை. ஆனால் பக்வீட்டின் சொந்தப் புரதங்களே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். குளூட்டன் இல்லை என்பதால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ஏன் பெயரில் ‘வீட்’?

மாவாக அரைத்து ரொட்டி சுட்டதால்தான். முதல் பாதியான ‘பக்’ டச்சு மொழியிலிருந்து வந்தது, பீச் மரத்தைக் குறிப்பது. பீச் மரத்தின் கொட்டைக்கு மூன்று விளிம்புகள் உண்டு, பக்வீட் மணிக்கும் அப்படியே. அளவில் மட்டும் பக்வீட் பல மடங்கு சிறியது. பேரினப் பெயரான ஃபாகோபைரமும் இதே கதைதான். ஃபாகஸ் என்றால் லத்தீனில் பீச் மரம், பைரோஸ் என்றால் கிரேக்கத்தில் கோதுமை.

ஜப்பானிலும் இதே ஒப்பீடு நடந்திருக்கிறது. சோபா என்ற சொல்லுக்கு அடிப்படைப் பொருள் விளிம்பு, மூலை. பீச் மரத்துக்கு அங்கே சோபாகுரி என்றொரு பழைய பெயரும் உண்டு. உலகின் இரண்டு கோடிகளில் இருந்தவர்கள் ஒரே இரண்டு கொட்டைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

மற்ற பெயர்களை நம்பினால் திசை தப்பும். பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் சாரசென்களின், அதாவது அராபியரின், தானியம் என்று பெயர். ரஷ்யர்களுக்கோ இது கிரேக்கர்களுடையது. செடி அராபியாவிலும் பிறக்கவில்லை, கிரேக்கத்திலும் பிறக்கவில்லை.

சரி, எந்தக் குடும்பம்? எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பாலிகோனேசி. பாலி என்றால் பல, கோனு என்றால் முழங்கால். தண்டு நெடுகக் கணுக்கள் முழங்கால் போலப் புடைத்திருப்பதால் வந்த பெயர்.

குடும்ப அடையாளம் அந்தக் கணுவில்தான் இருக்கிறது. பல செடிகளில் இலைக்காம்பின் அடியில் இரண்டு சின்ன இலையடிச்செதில்கள் தனித்தனியாக நிற்கும். இந்தக் குடும்பத்தில் அவை ஒன்றாக இணைந்து, கணுவுக்கு மேலே தண்டைச் சுற்றி மெல்லிய உறையாக மாறியிருக்கின்றன. தாவரவியலில் இதை ஆக்ரியா என்பார்கள். முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்ட காலுறை மாதிரி இருக்கும். பூ இல்லாத காலத்திலும் இந்த உறையைக் கண்டால் குடும்பத்தைச் சொல்லிவிடலாம். பக்வீட்டில் உறை சிறியது, ஓரம் சீக்கிரம் காய்ந்து கிழிந்துவிடும். அதனால் இளங்கணுவில் தேடுங்கள்.

மற்றபடி, தண்டு உள்ளீடற்றது, வெயிலில் சிவக்கும். இலை முக்கோணம், அடியில் இதயம்போலவோ அம்புத்தலைபோலவோ விரியும். ஒன்று முதல் நான்கு அடி வரை வளரும் ஓராண்டுச் செடி, விதைத்து எழுபது முதல் தொண்ணூறு நாளில் அறுவடை.

இந்தக் குடும்பத்தில் நமக்குத் தெரிந்த செடி ஏதாவது உண்டா?

உண்டு, பெயர் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். புளிப்பான சுக்காங்கீரை இந்தக் குடும்பம். மதில்மேல் ரோஸ் நிறத்தில் கொத்துக்கொத்தாகப் படரும் கொடிரோஸ் இந்தக் குடும்பம். ரோஜாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதன் பூர்வீகம் மெக்சிகோ. வாய்க்கால் ஓரத்து ஆற்றலரி, அலரிக்கு உறவே இல்லாத இன்னொரு பாலிகோனேசி. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் இரேவல்சின்னியும் இதே வீடு. பெயரை வைத்து உறவு தேடினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஒரு குடும்பம் போதும்.

சுக்காங்கீரையின் புளிப்புக்குக் காரணம் ஆக்சாலிக் அமிலம். பக்வீட்டிலும் அது உண்டு, அதை வைத்து இச்செடி ஒரு வேலை செய்கிறது. புளித்த மண்ணில் கரைந்து நிற்கும் அலுமினியம் பெரும்பாலான பயிர்களின் வேரைக் கருக்கிவிடும். பக்வீட் வேர் ஆக்சாலிக் அமிலத்தைக் கசியவிட்டு அலுமினியத்தைக் கட்டிப்போடுகிறது. உள்ளே நுழைந்ததையும் இலையில் இதே அமிலத்தோடு பிணைத்துத் தீங்கில்லாமல் வைத்துக்கொள்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் இதை விளக்கினார்கள். ஏழை மண்ணின் பயிர் என்று பெயர் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீன்வா, ராஜ்கிரா, பக்வீட் மூன்றையும் போலித் தானியம் என்கிறார்களே, இவை உறவா?

போலித் தானியம் என்பது சமையலறை வகைப்பாடு. புல் அல்லாத செடியின் விதையைத் தானியம்போல அரைத்தும் வேகவைத்தும் தின்றால் அந்தப் பெயர். சியா விதையையும் சிலர் இதில் சேர்ப்பார்கள், அது துளசி குடும்பம்.

ஆனால் இந்த மூன்றில் ஒரு தற்செயலான உண்மை ஒளிந்திருக்கிறது. கீன்வாவும் தண்டுக்கீரை இனமான ராஜ்கிராவும் அமராந்தேசி குடும்பம், பக்வீட் பாலிகோனேசி. பல குடும்பங்களைச் சேர்த்த பெரிய பிரிவைத் துறை என்பார்கள். இரண்டு குடும்பங்களும் கேரியோஃபில்லேல்ஸ் என்ற ஒரே துறைக்குள் வருகின்றன. அதே துறையில் பீட்ரூட், காகிதப்பூ, கள்ளிகள், பூச்சி தின்னும் நெப்பந்தஸ் எல்லாம் உண்டு. பழைய நூல்களில் பாலிகோனேசிக்குத் தனித் துறையே இருக்கும். மரபணுவை வைத்து வகைப்படுத்த ஆரம்பித்த பிறகு அந்தத் தனிக்குடித்தனம் கலைந்தது.

நவராத்திரி விரதத்தில் வடஇந்தியர்கள் தானியத்தை விலக்கிவிட்டுக் குட்டு, ராஜ்கிரா மாவில் பூரி சுடுவார்கள். இவை அன்னமல்ல என்பது அவர்கள் கணக்கு. தாவரவியலும் அதற்குத் தலையாட்டுகிறது.

லின்னேயஸ் வைத்த பெயர் வேறு என்று படித்தேன். எது சரி?

1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதைப் பாலிகோனம் பேரினத்தில் சேர்த்து, பாலிகோனம் ஃபாகோபைரம் என்றார். மகரந்தத்தாளையும் சூலகத்தண்டையும் எண்ணிப் பிரிப்பது அவர் முறை. எட்டுத் தாள், மூன்று தண்டு என்றால் இந்தப் பெட்டி. அடுத்த ஆண்டே, 1754இல், பிலிப் மில்லர் ஃபாகோபைரத்தைத் தனிப் பேரினமாக்கினார். சாப்பிடும் பக்வீட்டில் இரண்டு வகை உண்டு, சாதாரணமானது ஒன்று, டார்டரி எனப்படும் கசப்பானது ஒன்று. கசப்பு வகைக்கு 1790இல் கேர்ட்னரும், சாதாரண வகைக்கு 1794இல் மோயென்ஷும் இன்றைய பெயர்களைக் கொடுத்தார்கள். அவை ஃபாகோபைரம் டாட்டாரிக்கம், ஃபாகோபைரம் எஸ்குலெண்டம். எஸ்குலெண்டம் என்றால் உண்ணத் தகுந்தது.

பழைய நூல்களில் ஃபாகோபைரம் சஜிட்டேட்டம், ஃபாகோபைரம் வல்கேர் என்று கண்டால் குழம்ப வேண்டாம், எஸ்குலெண்டத்தின் மறுபெயர்கள்தாம். பல்லாண்டு வாழும் இமயமலை வகையின் நிலைமை இன்னும் மோசம். சில நூல்களில் அது சைமோசம், சிலவற்றில் டைபோட்ரிஸ். தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

மொத்தம் எத்தனை சிற்றினங்கள்?

இருபதை ஒட்டி. சீனாவின் யுன்னான், சிச்சுவான் மலைகளிலிருந்து இன்னமும் புதிதாக விவரிக்கிறார்கள், எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறும்.

எண்ணிக்கையைவிட உள்பிரிவு முக்கியம். ஃபாகோபைரம் இரண்டு குழுவாகப் பிரிகிறது. சைமோசம் குழுவில் காய் பெரியது, பளபளப்பு குறைவு, காய்ந்த பூவிதழைத் தாண்டி வெளியே துருத்தும். சாப்பிடும் இரண்டு வகைகளும் இதில்தான். யூரோஃபில்லம் குழுவில் காய் சின்னது, மினுமினுக்கும், பூவிதழுக்குள்ளேயே மூடிக் கிடக்கும். பெரும்பாலான காட்டுச் சிற்றினங்கள் இந்தப் பக்கம்.

வெள்ளைப் பூவையும் தோற்றத்தையும் பார்த்து, எஸ்குலெண்டத்தின் மூதாதை சைமோசம்தான் என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். நொதிகளையும் டிஎன்ஏவையும் ஒப்பிட்டதும் கதை மாறியது. சைமோசத்துக்கு நெருக்கமானது பச்சைப் பூக்காரியான கசப்பு வகை. கண்ணுக்கு ஒத்துப்போன எஸ்குலெண்டம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

சாதாரண பக்வீட்டுக்கும் டார்டரி பக்வீட்டுக்கும் என்ன வித்தியாசம்?

நேபாளத்தில் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: மீட்டே பாபர், தீத்தே பாபர். இனிப்பு பாபர், கசப்பு பாபர்.

சாதாரண வகையின் பூ வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு, வாசனையும் தேனும் உண்டு, தேனீ வந்தாக வேண்டும். காயின் விளிம்பு கூர்மையாக, பக்கங்கள் மழமழவென்று இருக்கும். டார்டரியின் பூ சிறியது, பச்சை கலந்தது. தன் மகரந்தத்தாலேயே காய்த்துக்கொள்ளும், யாருடைய தயவும் வேண்டாம். காய் சொரசொரப்பு, பக்கங்களில் பள்ளம் ஓடும். குளிரையும் உயரத்தையும் நன்றாகத் தாங்கும். சிச்சுவானின் லியாங்ஷான் மலைகளில் யீ மக்களுக்கு இது அன்றாட உணவு. கனடாவின் கோதுமை வயலில் இதே செடி களை.

கசப்புக்கு ரூட்டின் என்ற பொருளைக் காரணமாகச் சொல்வார்கள், அது பாதி உண்மை. டார்டரி விதையில் ரூட்டின் சாதாரண வகையைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் மாவில் தண்ணீர் பட்டதும் விதையிலேயே உள்ள ஒரு நொதி ரூட்டினை உடைத்து குவெர்செட்டினாக்குகிறது. பெரும் கசப்பு அந்த உடைசலில்தான் தலைகாட்டுகிறது. ஜப்பானில் இந்த நொதி மிகக் குறைவாக உள்ள மாந்தென் கிராரி என்ற ரகத்தை உருவாக்கினார்கள், கசப்பு அடங்கிவிட்டது.

இரண்டுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றே, 16. ஆனால் சாதாரண வகையின் மரபணுத்தொகுதி டார்டரியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ துண்டுகள் குவிந்ததால் வந்த பருமன் அது.

வயல் முழுக்கப் பூ, காய் மட்டும் கொஞ்சம். ஏன்?

எனக்கு இந்தச் செடியில் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பூவுக்கு அல்லி, புல்லி என்று தனித்தனி வட்டம் இல்லை. ஐந்து பூவிதழ்கள் இரண்டு வேலையையும் பார்க்கின்றன. உள்ளே எட்டு மகரந்தத்தாள், அவற்றின் அடியில் மஞ்சள் முத்துபோலத் தேன்சுரப்பிகள், நடுவில் மூன்று சூலகத்தண்டுகள், சூலகத்துக்குள் ஒரே ஒரு சூல்.

இப்போது வயலில் பத்துச் செடிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய பாதிச் செடிகளில் சூலகத்தண்டு நீளம், தாள்கள் குட்டை. சூலகமுடி குண்டூசித் தலைபோல வெளியே தெரியும், இதைப் பின் வகை என்பார்கள். மீதிச் செடிகளில் தண்டு குட்டை, தாள்கள் நீளம். இது திரம் வகை. திரம் என்றால் தறியில் துணியை அறுத்த பிறகு மிஞ்சும் நூல்குஞ்சம். பள்ளியில் பிரிமுலா பூவை வைத்துப் படித்திருப்பீர்களே, அதேதான். ஒரு செடியில் ஒரு வகைப் பூ மட்டுமே பூக்கும்.

குண்டூசிக்குக் குஞ்சத்தின் மகரந்தம் வேண்டும், குஞ்சத்துக்குக் குண்டூசியுடையது. தன் வகை மகரந்தம் விழுந்தால் மகரந்தக்குழல் பாதி வழியில் நின்றுவிடும். தேனீயின் உடலில் ஒரு வகை மகரந்தம் ஓர் இடத்திலும் மறுவகை வேறிடத்திலும் ஒட்டுவதால், தானாகவே சரியான உயரத்துக்குப் போய்ச் சேர்கிறது. 1877இல் பூக்களின் வேறுபட்ட வடிவங்களைப் பற்றி எழுதிய நூலில் டார்வின் இந்தச் செடியையும் ஆராய்ந்தார்.

இந்தப் பிரிவினை முழுவதையும் ஆட்டிவைப்பது எஸ் எனப்படும் ஒரு மரபணுப் பகுதி. குஞ்ச வகையில் அதன் ஓங்கு வடிவம் ஒரு பிரதி இருக்கும், குண்டூசி வகையில் இருக்காது. இரண்டையும் கலந்தால் பாதிக்குப் பாதி பிறப்பது அதனால்தான். அந்தப் பகுதியில் குட்டைத் தண்டோடு ஒட்டிய ஒரு மரபணுவை 2012இல் யசுயியும் சக ஆய்வாளர்களும் அடையாளம் காட்டினர்.

சரி, விளைச்சலுக்கு வருவோம். பூ ஒரு நாள்தான் உயிரோடிருக்கும். அதற்குள் பூச்சி வர வேண்டும், அதுவும் மறுவகையிலிருந்து வர வேண்டும். வெயில் கடுமையானால் சூல் கருகும். இவற்றையெல்லாம் தாண்டினாலும், செடி வளர்வதையும் பூப்பதையும் நிறுத்தாமல் காய்க்கவும் பார்க்கிறது. ஒரே வாயில் மூன்று வேலை. பத்துப் பூவில் ஒன்றிரண்டு காயானால் அதுவே வழக்கம். ஃபாகோபைரம் ஹோமோட்ரோபிகம் என்ற காட்டுச் சிற்றினம் தன் மகரந்தத்தையே ஏற்கும். அதோடு கலந்து தானே காய்க்கும் ரகம் உண்டாக்கும் முயற்சி பல நாடுகளில் நடக்கிறது. கலப்புக் கருவைப் பெரும்பாலும் ஆய்வகத்தில் பிரித்தெடுத்துத்தான் பிழைக்க வைக்கிறார்கள்.

நாம் வாங்குவது விதையா, கனியா?

கருப்புத் தோலோடு வாங்கினால் கனி, அக்கீன் வகை. சூலகச் சுவரே அந்தத் தோல், உள்ளே விதை ஒட்டாமல் தனியாக இருக்கும், ஆகவே உடைத்தால் பிரிந்து வரும். தோல் நீக்கி வாங்கினால் விதை. கோதுமையும் நெல்லும் அப்படியல்ல, அவற்றில் விதையுறையும் கனிச்சுவரும் பிரிக்க முடியாதபடி ஒட்டிப்போனவை.

பிறந்த ஊர் எது?

தென்மேற்குச் சீனா. யுன்னான், சிச்சுவான், திபெத்தின் கிழக்கு விளிம்பு கூடும் மலைப்பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாவரவியலாளர் டி காண்டோல் வடக்கே சைபீரியா, அமூர் ஆற்றுப் பக்கம் கைகாட்டியிருந்தார். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஓமி ஓனிஷி 1990ஐ ஒட்டி யுன்னானில் காட்டு மூதாதையையே நேரில் கண்டுபிடித்தார், அன்செஸ்ட்ரேல் என்ற துணைச்சிற்றினம். காய் சின்னது, முற்றியதும் உதிர்ந்துவிடும். உதிராமல் செடியிலேயே நிற்கும் காயைத் தேர்ந்து தேர்ந்து விதைத்ததுதான் உழவர்கள் செய்த மாற்றம். டார்டரிக்கும் பொட்டானினி என்று காட்டு உறவு உண்டு.

அமெரிக்காவில் காட்டு பக்வீட் என்று ஒரு செடி இருக்கிறதே?

அது எரியோகோனம், மேற்கு வட அமெரிக்காவின் பெரிய பேரினம், 250 சிற்றினங்கள் அளவில். குடும்பம் ஒன்று, துணைக்குடும்பம் வேறு. மேலே சொன்ன கணு உறை அதில் கிடையாது. குடும்ப அடையாளம் என்று நம்பித் தேடினால் ஏமாற்றும் விதிவிலக்கு அது. வயலில் கொடியாகச் சுற்றும் இன்னொரு களைக்கும் ஆங்கிலத்தில் காட்டு பக்வீட் என்றே பெயர். அது ஃபலோப்பியா, உறை உண்டு, ஆனால் பேரினம் வேறு.

இலையைக் கீரையாகச் சாப்பிடலாமா?

இமயமலைப் பகுதிகளில் இளந்தளிரைச் சமைக்கிறார்கள். ஆனால் பச்சை பாகங்களிலும் பூவிலும் ஃபாகோபைரின் என்ற நிறமி உண்டு. அதிகமாகத் தின்ற ஆடுமாடுகளுக்கு, குறிப்பாக வெளிர்தோல் உள்ளவற்றுக்கு, வெயில் பட்டதும் தோல் வெந்துபோகும். எப்போதாவது ஒரு பிடி சமைத்துச் சாப்பிடுவது வேறு. தினமும் முளையிலையை அரைத்துச் சாறாகக் குடிக்கும் பழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் ஊரில் வளருமா?

இந்தியாவில் இதன் இடம் இமயமலைச் சரிவுகளும் வடகிழக்கும். தெற்கே நீலகிரி, பழனி மலைகளில் ஆங்காங்கே பயிரிட்டதைப் பயிர் நூல்கள் பதிவுசெய்திருக்கின்றன. சமவெளியில் செடி வளரும், பூக்கவும் பூக்கும், வெப்பத்தில் காய் பிடிக்காது. மார்கழி, தையில் தொட்டியில் முயலலாம்.

வறுத்த கிரேச்கா முளைக்காது, பச்சையாக இருப்பதை வாங்குங்கள். ஒரே ஒரு செடி வளர்த்துவிட்டுக் காய்க்கவில்லையே என்று உரத்தை மாற்றாதீர்கள். குண்டூசியும் குஞ்சமும் இரண்டும் வேண்டும், குறைந்தது பத்துப் பன்னிரண்டு செடியாவது போடுங்கள். மாடியில் தேனீ வராவிட்டால் காலையில் ஒரு வகைப் பூவைக் கிள்ளி மறுவகைப் பூவின் மேல் தேய்த்துவிடலாம். இரண்டு மூன்று வாரத்தில் பூவிதழுக்கு மேல் மூன்று விளிம்போடு பச்சைக் காய் எட்டிப் பார்க்கும்.